பஸ்ஸுக்கு ஓடாதவள்

லாசால், மொன்றியல்
14.04.2024

அம்மன் துணை

அன்புள்ள கௌரி அக்காவுக்கு,

நான், இவர், கஜீவன் மூன்று பேரும் குறையில்லாமல் இருக்கிறோம். உங்கள் சுகமும் மகன், மருமகள் சுகமும் அறிய ஆசை. இன்று வருடப்பிறப்பு. பொங்கிப் படைத்துவிட்டு அந்தக் கை காய முதல் எழுதுகிறேன். போனில் சொல்லக்கூடிய விசயமில்லை. நாங்கள் போனில் கதைத்தால் உங்கள் மருமகள் அதை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்து தேங்காய் திருவுகிறாள்.

எனக்குச் சீனி வருத்தம் தொடங்கிவிட்டது. கிளினிக்கில் மெலனி என்றொரு நேர்ஸ். "தினமும் நடவுங்கள் மதாம், முடிந்தால் மெல்ல ஓடுங்கள்" என்றாள். அம்மா எனக்காக வைத்த நேர்த்திக்கடனை இவளுக்கு எந்தப் பாஷையில் விளங்கப்படுத்துவது? "மெர்சி" சொல்லிவிட்டு வந்தேன்.

ஆற்றோரம் நடக்கிறேன். அங்கே ஓடுகிறவர்களை நீங்கள் பார்க்க வேண்டும். இடுப்பில் பெல்ட் கட்டி அதில் குட்டிக் குட்டித் தண்ணீர்ப் போத்தல்கள். கையில் ஒரு மணிக்கூடு; அது சொன்னால்தான் தாங்கள் ஓடியதை நம்புவார்கள். சிவப்பு லைட்டில் நின்ற இடத்திலேயே மிளகாய் இடிப்பது போலக் குதிக்கிறார்கள். குதிக்காலால் நிலத்தை அடித்து அடித்து ஓடுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் எங்களை ஓடப் பழக்கிய ரீச்சர் கண்டால் பிரம்பு எடுத்திருப்பார்.

விசயத்துக்கு வருகிறேன். போன செவ்வாய் அங்கிரினோன் மெட்ரோவில் இறங்கி வெளியே வந்தால் பஸ் புறப்படப் போகிறது. இந்த நாட்டுக்கு வந்த நாளில் இருந்து நான் ஒரு பஸ்ஸுக்கும் ஓடியதில்லை. தை மாதக் குளிரில் மூக்கு விறைக்க அடுத்த பஸ் வரும்வரை நின்றிருக்கிறேன். கஜீவன் சின்னதில் றோட்டுக்குப் பாய்ந்தபோதும் நான் கத்திக்கொண்டு நடந்தேன். அவனைத் தூக்கியது யாரோ ஒரு வெள்ளைக்காரன். அப்படிப்பட்ட எனக்கு அன்று கால் தன்பாட்டில் ஓடிவிட்டது. பஸ்ஸைப் பிடித்துவிட்டேன். இருக்கையில் இருந்தும் நெஞ்சு அடங்கவில்லை. பயத்தில் இல்லை அக்கா. அதுதான் பிரச்சினை. வீட்டுக்கு வந்து அம்மனுக்குத் தேங்காய் உடைத்து மன்னிப்புக் கேட்டேன்.

அம்மா நேர்த்தி வைத்தபோது பக்கத்தில் நின்றது நீங்கள். நான் நினைவில்லாமல் கிடந்தேன். நான் அறிந்ததை எழுதுகிறேன், பிழையென்றால் திருத்துங்கள். பள்ளிக்கூடத்தில் படிக்கையில், மாகாண ஓட்டப் போட்டிக்கு முந்தின கிழமை எனக்கு அம்மாள் வருத்தம் கண்டது, உடம்பெல்லாம் கொப்புளம். நான் கோயில் வீதியைச் சுற்றித் தலைவிரித்து ஓடியதால்தான் அம்மன் கோபித்தாள் என்று அம்மா நினைத்தார். பிள்ளை எழும்பினால் இனி ஓடவே மாட்டாள் என்று அம்மனுக்குச் சொன்னார். நான் எழும்பினேன். ஓடவில்லை. இப்போது அம்மாவும் இல்லை.

அம்மாவின் இடத்தில் நீங்கள்தான். எங்கள் கோயிலில் பூக்கட்டிப் பாருங்கள். ஒரு வாழையிலைச் சரைக்குள் வெள்ளை அலரி, மற்றதற்குள் சிவப்பு அலரி. எதற்குள் எது என்று தெரியாத ஒரு பிள்ளை எடுக்கட்டும். வெள்ளை வந்தால் நான் ஓடலாம், அதற்குப் பதில் வேறு நேர்த்தி செய்கிறேன். சிவப்பு வந்தால் இந்தக் கதையே வேண்டாம்.

உங்கள் பதில் வரும்வரை காலைக் கட்டி வைத்திருக்கும்,
அஜந்தா


கோண்டாவில்
20.05.2024

அன்புத் தங்கச்சிக்கு,

நான் சுகம். எனக்கு ஒரு குறையுமில்லை. நீங்கள் மூவரும் சுகமாயிருக்க அம்மன் அருள் புரிய வேண்டும்.

உன் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். முதல்தரம் சிரிப்பு வந்தது, இரண்டாம் தரம் வெட்கம் வந்தது. பேரப்பிள்ளை காணும் வயதில் காற்சட்டை போட்டுக்கொண்டு ஓடப் போகிறாயா? இங்கேயும் இப்போது அந்தக் கூத்து நடக்கிறது. பாங்க் மனேச்சர்மார் விடிய எழும்பிப் பள்ளிக்கூடக் கிறவுண்டைச் சுற்றி ஓடுகிறார்கள். ஓடி முடிந்ததும் தேத்தண்ணிக் கடையில் இருந்து வடை தின்கிறார்கள். தொப்பை வண்டி பழைய இடத்திலேயே திரும்ப வந்து நிற்கிறது.

சீனிக்குப் பாகற்காய் சாப்பிடு.

பூக்கட்டிப் பார்ப்பது விளையாட்டில்லை. அம்மனுக்கு உன் காலைப் பார்ப்பதை விட வேறு வேலை இருக்கிறது. நான் வெள்ளிக்கிழமை தவறாமல் போய்க் கும்பிடுகிறேன். அப்போது உனக்கும் சேர்த்துத்தான் கும்பிடுகிறேன். அது போதும்.

கஜீவனுக்குத் தமிழ் எழுதப் பழக்கு. பிறந்தநாள் கார்ட்டில் என் பெயரைக் 'கோரி' என்று எழுதியிருந்தான்.

இப்படிக்கு,
உன் அக்கா


லாசால்
23.06.2024

அம்மன் துணை

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே சுகத்துக்குக் குறைவில்லை, சீனியைத் தவிர. உங்கள் தேகசுகம் எப்படி? கடிதத்தில் 'ஒரு குறையுமில்லை' என்று எழுதியிருந்தீர்கள். 'நான் சுகம்' என்றதோடு நிற்காமல் இவ்வளவு உறுதியாக ஏன் எழுதினீர்கள் என்று யோசித்தேன்.

பாகற்காய் சாப்பிடுகிறேன். இவர்தான் சாப்பிடவில்லை. "உன்ர வருத்தத்துக்கு நான் ஏன் கைக்கிறதைத் தின்ன வேணும்?" என்று கேட்கிறார். இரவிச்சந்திரன் என்ற மனிதர் இரும்புக் கம்பனியில் வேலை செய்ததோடு தன் கால் செய்ய வேண்டியது முடிந்ததென்று சோபாவில் பாரம் இறக்கிவிட்டார். நான் நேர்த்தியைப் பற்றிச் சொன்னால் சிரிக்கிறார்.

"அம்மன் பாஸ்போட் எடுத்துக்கொண்டே உன்னைப் பிடிக்க லாசாலுக்கு வாறா?"

"பாஸ்போட் எடுத்தது நான். நேர்த்தி என்னோடதான் ஏறி வந்தது" என்றேன்.

"அப்ப ஓடாதை."

"ஓடச் சொல்லி உங்களிட்டை ஆர் கேட்டது? எழும்பி அந்தக் கோப்பையை எடுத்துக் கழுவுங்கோ."

மெலனி ஒரு ஓட்டக் குழுவுக்கு என் பெயரைக் கொடுத்துவிட்டாள். ஒருநாள் போய்ப் பார்த்தேன், நடக்கத்தான். ஓட முதல் கால் மணித்தியாலம் கட்டிப்பிடிக்கிறார்கள். ஓடி முடிய இன்னொரு தரம் கட்டிப்பிடிக்கிறார்கள். இடையில் ஓடியதைத்தான் நான் காணவில்லை. அக்னெஸ் என்று ஒரு கிழவி, எழுபது தாண்டியிருக்கும், றோஸ் நிறத்தில் ஒட்டிப்பிடித்த காற்சட்டை. அவள் ஒருத்திதான் வாயை மூடிக்கொண்டு ஓடுகிறாள்.

ஓடுகிற சப்பாத்து வாங்கிவிட்டேன். வீட்டுக் கணக்கில் அதை மருந்துச் செலவில் எழுதினேன். பெட்டி திறக்காமல் இருக்கிறது. நீங்கள் பூக்கட்டிப் பார்க்கும்வரை திறக்க மாட்டேன்.

வைகாசித் திருவிழாவை யூரியூப்பில் பார்த்தேன். வழக்கமாக மணித்தூணடியில்தானே நிற்பீர்கள். பத்து நாளும் தேடினேன், காணவில்லை.

கைகூப்பிக் கேட்கிறேன் அக்கா. பூக்கட்டிப் பாருங்கள்.

உங்கள்,
அஜந்தா


கோண்டாவில்
18.08.2024

அன்புத் தங்கச்சிக்கு,

நான் சுகம். நீங்கள் சுகமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

கமெராக்காரனுக்கு முகம் காட்டக் கோயிலுக்குப் போகிறவள் நானில்லை. மணித்தூணடியில் இப்போது கண்டதுகளும் நின்று செல்பி எடுக்கிறதுகள். நான் பின்னால் நிற்கிறேன்.

உன் ஆய்க்கினை தாங்காமல் போன வெள்ளிக்கிழமை போனேன். மூலஸ்தானத்துக்கு நேர் முன்னால் நின்று ஐயரைக் கொண்டு இரண்டு சரை கட்டுவித்தேன். ஒரு பெட்டைப்பிள்ளை எடுத்தது. பிரித்தோம். சிவப்பு.

இனி இதைப் பற்றி எழுதாதே. சப்பாத்தை யாருக்காவது கொடு.

இப்படிக்கு,
அக்கா


லாசால்
15.09.2024

அம்மன் துணை

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். அம்மன் சொன்னால் சரி.

சப்பாத்தைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டேன். கொடுக்க மனம் வரவில்லை. இவர் அதைக் கண்டு, "என்ன, அம்மன் விசா ரிஜெக்ட் பண்ணிப் போட்டாவோ?" என்று கேட்டார். அன்று இரவு பாகற்காய்க் குழம்பை அவருக்கும் ஊற்றினேன். முகத்தைச் சுழித்துக்கொண்டு சாப்பிட்டார்.

நடக்கிறேன். அக்னெஸ் கிழவி தினமும் என்னைத் தாண்டி ஓடுகிறாள். தாண்டும்போது "போன்ஜூர்" சொல்கிறாள். ஒவ்வொரு நாளும் அதே "போன்ஜூர்", அதே முதுகு. அவளுடைய வலது தோள் சரிகிறது, கையை உடம்புக்குக் குறுக்கே வீசுகிறாள். பின்னால் நின்று பார்த்துத் திருத்திக் கொடுக்கலாம். எனக்கென்ன.

பஸ் நிற்கும் இடத்தில் நேற்றும் ஒன்றை விட்டேன். பழக்கம்தானே.

உங்கள்,
அஜந்தா


கோண்டாவில்
27.10.2024

என் அன்புத் தங்கச்சிக்கு,

நான் நல்ல சுகம். நீ அம்மன் சொல்லைக் கேட்டு நடந்தது எனக்குப் பெரிய ஆறுதல். அம்மா இருந்திருந்தால் சந்தோசப்பட்டிருப்பார்.

நவராத்திரி இங்கே நல்ல சிறப்பு. ஒன்பது நாளும் போனேன். விஜயதசமியன்று மூலஸ்தானத்தில் அம்மனுக்குச் சந்தனக் காப்பு. கற்பூரம் காட்டும்போது அந்த முகத்தைப் பார்த்தால் போதும் தங்கச்சி, வீட்டுக்கு வரவே மனம் வராது. உன் பெயருக்கும் அருச்சனை செய்தேன்.

பனி தொடங்கியிருக்கும். காதை மூடிக்கொண்டு நட. நடக்கிறது எவ்வளவு பெரிய பாக்கியம் என்று உனக்குத் தெரியாது.

ஊறுகாய் அனுப்ப ஆள் பார்க்கிறேன்.

இப்படிக்கு,
அக்கா


லாசால்
05.01.2025

அம்மன் துணை

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். உங்கள் ஐப்பசிக் கடிதம் நேற்றுத்தான் வந்தது. இங்கே தபால்காரர்கள் வேலைநிறுத்தம் செய்து ஒரு மாதம் கடிதங்களைக் கட்டி வைத்திருந்தார்கள். நல்ல காலம். அது நேரத்துக்கு வந்திருந்தால் நான் நம்பியிருப்பேன்.

டிசம்பர் நத்தார் லீவில் கணேசலிங்கம் அண்ணை வந்தார். அவர் எங்கள் ஊர்க் கோயில் திருப்பணிச் சபையின் மொன்றியல் கிளைத் தலைவர். கிளையில் அவரும் அவருடைய மனுசியும்தான். போனைத் திறந்து வீடியோ காட்டினார். தை மாதக் கும்பாபிஷேகத்துக்காகக் கோயில் முழுக்கச் சாரம் கட்டியிருக்கிறார்கள். ஆனி கடைசியிலேயே அம்மனை வெளிப்பக்கத்துச் சின்னக் கொட்டிலுக்கு எழுந்தருளப் பண்ணிப் பாலஸ்தாபனம் செய்தாயிற்றாம். அன்று தொடங்கி மூலஸ்தானம் தகரம் அடித்துப் பூட்டு. ஐயர்கூட உள்ளே போவதில்லை, மேசன்மார்தான் போகிறார்கள்.

அப்படியென்றால் ஆவணியில் யாருக்கு நேர் முன்னால் நின்று பூக்கட்டிப் பார்த்தீர்கள்? விஜயதசமிக்கு யாருக்குச் சந்தனக் காப்பு? மேசனுக்கா?

எங்கோ ஒரு குளிர்நாட்டில் இருக்கும் எனக்குத் தெரிகிற விசயம், கோயிலுக்குப் பக்கத்து ஒழுங்கையில் இருக்கும் உங்களுக்குத் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் போகிறீர்களாம். பொய் சொல்வதென்றால் விசாரித்துவிட்டாவது சொல்லியிருக்க வேண்டாமா? அம்மன் வாயில் பொய்யை வைக்க உங்களுக்குக் கை கூசவில்லை. நான் காற்சட்டை போடுவதுதான் உங்களுக்கு வெட்கம்.

பாகற்காய் நல்லாய் வேலை செய்கிறது. கசப்பெல்லாம் என்னிடம்தான் இருக்கிறது.

அஜந்தா


லாசால்
23.02.2025

அம்மன் துணை

அக்காவுக்கு,

சுகம். நீங்கள் சுகமோ தெரியாது, பதில் இல்லை. போன் எடுத்தால் மருமகள் "மாமி படுத்திட்டா" என்கிறாள். யாழ்ப்பாணத்தில் பகல் பதினொரு மணிக்கு.

இப்போது நான் நினைத்தபடி ஓடலாம் என்று இவர் சொல்கிறார். "கொக்காதான் பொய் சொல்லிப் போட்டாவே, அப்ப நேர்த்தியும் கழண்டுது" என்று சட்டம் கதைக்கிறார். நீங்கள் பொய் சொன்னதால் அம்மா சொன்னது பொய்யாகிவிடாது. அம்மா வைத்த நேர்த்தி வைத்தபடி இருக்கிறது. அதனால் இன்றும் நடந்துதான் போனேன். ஐஸில் வழுக்கி விழுந்தேன். நடந்தும் விழலாம் என்று தெரிந்துகொண்டேன்.

கும்பாபிஷேகம் முடிந்து மூலஸ்தானம் திறந்தாயிற்று. உங்களுக்கு இன்னும் ஒரு தரம் கோயிலுக்குப் போக வழி தெரியுமென்றால் போங்கள். தெரியாதென்றால் தெரியாதென்று எழுதுங்கள். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் வேண்டாம்.

அஜந்தா


கோண்டாவில்
30.03.2025

தங்கச்சிக்கு,

நான் சுகம்.

வெள்ளிக்கிழமை போனேன். ஐயர் இரண்டு சரை கட்டினார். பிள்ளை ஒன்றை எடுத்தது. நான் பிரிக்கவில்லை. நான் சொன்னால் நீ நம்பப் போவதில்லை. கும்பாபிஷேகத்துக்கு வந்த கணேசலிங்கம் திரும்பிப் போகிறார். அவரிடம் சரையையும் கடிதத்தையும் கொடுத்துவிடுகிறேன். நீயே பிரித்துப் பார்.

ஊறுகாயும் இருக்கிறது.

அக்கா


லாசால்
11.05.2025

அம்மன் துணை

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் மூவரும் சுகம். உங்கள் சுகத்தைப் பற்றிக் கீழே எழுதுகிறேன், இந்த முறை நீங்கள் சொல்லத் தேவையில்லை.

கணேசலிங்கம் அண்ணை நேராக வரவில்லை. சிதம்பரம், பழனி என்று தலமெல்லாம் கும்பிட்டு, பெட்டியோடு ஒரு மாதம் சுற்றி, போன கிழமைதான் வந்து சேர்ந்தார். ஊறுகாய் நல்லாய் இருக்கிறது. சரைதான்... வாழையிலையில் சுற்றிய பூவைப் பிளாஸ்ரிக் பைக்குள் போட்டு இறுக்கிக் கட்டி அனுப்ப உங்கள் ஒருவரால்தான் முடியும். கைகால் கழுவி, விளக்குக் கொளுத்தி, சாமித்தட்டுக்கு முன்னால் இருந்து பிரித்தேன். உள்ளே கன்னங்கரேலென்று ஒரு கூழ். சிவப்புமில்லை, வெள்ளையுமில்லை. இவர் எட்டிப் பார்த்துவிட்டு, "இது என்ன நிறக் கட்சி?" என்றார். அவரை வெளியே கலைத்தேன்.

பிறகுதான் நூலைப் பார்த்தேன்.

எங்கள் கோயிலில் ஐயர் சரை கட்டுவது வாழைநாரால். அந்த நார் அறுந்து இலையில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. அதற்கு மேலே நீல நிறத் தையல் நூல், இரண்டு முடிச்சு. அந்த நீலத்தை எனக்குத் தெரியும். நீங்கள் எனக்குத் தைத்து அனுப்பிய சட்டைகளுக்கெல்லாம் அந்த நூல்தான், எந்த நிறச் சட்டைக்கும்.

நீங்கள் பிரித்துப் பார்த்தீர்கள் அக்கா. பார்த்துவிட்டுத் திரும்பக் கட்டி, 'நான் பிரிக்கவில்லை' என்று எழுதி அனுப்பினீர்கள். இரண்டாவது பொய். முதலாவதை விட நன்றாகச் செய்திருக்கிறீர்கள்.

உள்ளே சிவப்பு இருந்திருந்தால் நீங்கள் கடிதம் எழுதியிருப்பீர்களா? கோயில் வாசலில் நின்றே போன் எடுத்திருப்பீர்கள். ஸ்பீக்கரில், ஊரே கேட்க. நீங்கள் போன் எடுக்கவில்லை. வாயை மூடி, முடிச்சுப் போட்டு அனுப்பினீர்கள். வெள்ளை என்று சொல்ல உங்களுக்கு வாய் வராது என்று எனக்குத் தெரியும். எனக்கு அது போதும்.

கணேசலிங்கம் அண்ணை ஒன்றும் சொல்லமாட்டேன் என்று உங்களுக்குச் சத்தியம் பண்ணிக் கொடுத்தாராம். ஒரு கோப்பி குடித்து முடிய முதல் எல்லாவற்றையும் சொன்னார். ஒரு வருடத்துக்கு மேல் நீங்கள் வாசல் படலையைத் தாண்டவில்லையாம். கிணற்றடிக்கும் பிளாஸ்ரிக் கதிரையைப் பிடித்து ஊன்றித் தள்ளித் தள்ளித்தான் போகிறீர்களாம். அந்த வெள்ளிக்கிழமை மட்டும் ஓட்டோவில் போய், வாசலில் இருந்து மூலஸ்தானம் வரை சுவரைப் பிடித்துக்கொண்டு போனீர்களாம். மருமகள் கை கொடுக்க அதைத் தட்டிவிட்டீர்களாம். 'முழங்கால் ஏலாது, கோயிலுக்குப் போக முடியவில்லை' என்று ஒரு வரி எழுதக் கௌரவம் விடவில்லை. அம்மன் பெயரில் பொய் எழுத விட்டது. உங்களை என்ன சொல்லித் திட்டுவதென்று இரண்டு நாள் யோசித்தேன். ஒன்றும் போதவில்லை.

இன்று காலை கட்டிலுக்குக் கீழே இருந்த சப்பாத்தை எடுத்தேன். ஆற்றோரம் ஓடினேன். மூன்று விளக்குக் கம்பம் ஓடுவது, ஒன்று நடப்பது, அவ்வளவுதான் முடிந்தது. நெஞ்சு கிழிந்தது. முழங்கையை எங்கே வைப்பதென்று உடம்பு மறக்கவில்லை, மற்றதெல்லாம் மறந்துவிட்டது. அக்னெஸ் கிழவி "போன்ஜூர்" சொல்லித் தாண்டினாள். பிடிக்கப் பார்த்தேன். முடியவில்லை. வெட்கக்கேடு.

பதில் நேர்த்தி ஒன்று செய்வதாகச் சொன்னேன் அல்லவா? ஆவணியில் வருகிறேன். உங்களைக் கையில் பிடித்து அம்மனின் வீதியை ஒருதரம் சுற்றிக் கூட்டிப் போவேன். எவ்வளவு மெல்லவும் நடக்கலாம். என் கையையும் தட்டிவிட்டால், அந்த இடத்திலேயே உங்களை விட்டுவிட்டு ஓடிவிடுவேன். இப்போது எனக்கு அனுமதி இருக்கிறது.

உங்கள்,
அஜந்தா


கோண்டாவில்
15.06.2025

அன்புத் தங்கச்சிக்கு,

நான் சுகமில்லை. இரண்டு முழங்காலும் நோகிறது. வலதில்தான் அதிகம்.

நீல நூலைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. எலி கடித்திருக்கும், மருமகள் கட்டியிருப்பாள்.

ஆவணியில் வெயில். வந்தால் காலையில்தான் சுற்றலாம். மருமகளிடம் ஓட்டோவுக்குச் சொல்லி வைக்கிறேன்.

எழுபது வயதுக் கிழவியைப் பிடிக்க முடியவில்லை என்று எழுதுகிறாய். மாகாணப் போட்டிக்குத் தெரிவானவள் எழுதுகிற கடிதமா இது? இதற்கா நான் சுவரைப் பிடித்துக்கொண்டு போனேன்?

தலைமயிரைக் கட்டிக்கொண்டு ஓடு. அவளைப் பிடித்துவிட்டு எனக்கு எழுது.

இப்படிக்கு,
அக்கா